களனிவெளிப் பாதையில் இலகு ரயில் ஓடட்டும்

ஆசிரியருக்கு,

மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஜப்பான் கடனுதவியில் வரவிருந்த இலகு ரயில் (நகருக்குள் ஓடும் சிறிய மின்சார ரயில்) 2020இல் கைவிடப்பட்டது. சரி, போனது போகட்டும். மருதானையிலிருந்து நுகேகொடை, மஹரகம, ஹோமாகம வழியாக அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதை கண்ணெதிரே கிடக்கிறதே! ஆரம்பத்தில் குறுகிய பாதை, 1990களில் அகலமாக்கினார்கள். வளைவுகள் மட்டும் இன்னும் பழைய காலத்து வளைவுகள்தான். ஒற்றைத் தண்டவாளம் என்பதால், எதிரே ரயில் வந்தால் ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும்.

பெரிய ரயில் ஊர்ந்து போகும் வளைவில் இலகு ரயில் சுலபமாகத் திரும்பும். அடிக்கடி நிறுத்தினாலும் சட்டென்று வேகமெடுக்கும். முதலில் ஹோமாகம வரை இரட்டைப் பாதையும் மின்சாரமும் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். ரயில் கடவைகள்தான் பெரிய தலைவலி. காலையில் நாரஹேன்பிட்டிப் பக்கம் கேட் மூடும்போது பஸ்ஸில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

– ஒரு வாசகர், மஹரகம