பழைய புல்லட்டுக்கு எங்கே விளம்பரம் கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தந்தையார் 1981-இல் வாங்கிய புல்லட் 350 வண்டியை விற்பதற்கு எங்கே விளம்பரம் கொடுப்பது என்று இரண்டு மாதங்களாக அல்லாடிய அனுபவத்தில், தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசிச் செயலி ஒன்றில் படத்தோடு பதிவிட்டேன். செலவில்லை; அழைப்புகளுக்கும் குறைவில்லை. ஆனால் அழைத்தவர்களில் பலர் புரோக்கர்கள். மற்றவர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டவர்கள். இன்றைய வண்டிகளுக்கு மாறாகக் கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம் என்றதும், அதை மாற்றிக் கொடுப்பீர்களா என்று ஒரு தம்பி கேட்டார். என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்தபடியே, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர் முள் இன்றும் ஆடுகிற வண்டி அது!

களியக்காவிளையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போய்விட்டால் புல்லட்டுக்கு நல்ல விலை கிடைக்கும், மலையாளப் பத்திரிகையில் கொடுங்கள் என்றார் எங்கள் மெக்கானிக். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் வேறு மாநிலத்தில் பதிவை மாற்ற 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் பெயரை மாற்றாமலே வண்டியை ஓட்டுபவர்களும் உண்டு. நாளை விபத்து நேர்ந்தால் நம் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும். வாங்குபவரோடு நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் போய்வர முடிகிற தூரத்தில் விற்பதே எனக்கு நிம்மதி.

கடைசியாகத் தங்கள் நாளிதழில் வரி விளம்பரம் கொடுத்தேன். புது ஸ்கூட்டர்களுக்கு நடுவே நான்கு வரியில் அது ஒடுங்கிக் கிடந்தது. இருந்தும், அதைப் பார்த்துக் குளச்சலிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். விலையைக் கேட்கும் முன், "வண்டி கடற்கரைப் பக்கம் நின்றதா?" என்று கேட்டார். பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு உண்டா என்று பார்த்தார். ரிம்மின் குரோமை விரல் நகத்தால் சுரண்டினார். உப்புக்காற்று என்ன செய்யும் என்று அறிந்த மனிதர். விலை படியாமல் போய்விட்டாலும், நான் தேடிய ஆள் எதைப் படிக்கிறார் என்பது தெரிந்துவிட்டது.

எனவே ஞாயிறு இதழின் வரி விளம்பரப் பகுதியில் 'பழைய மாடல் வண்டிகள்' என்று தனித் தலைப்பு ஒன்று கொடுங்கள். புல்லட் மட்டுமல்ல, மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி, பிறகு ராஜ்தூத் என்று இம்மாவட்டத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் வண்டிகள் நிற்கின்றன. எந்த ஆண்டு வண்டி, பதிவு எதுவரை புதுப்பிக்கப்பட்டது, எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, மாற்றிய பாகங்கள் எவை என்று எழுத இன்னும் மூன்று வரி இடம் தந்தால் போதும். நெல்லை, தூத்துக்குடிப் பதிப்புகளிலும் அது வெளிவந்தால் நல்லது. கூடுதல் வரிகளுக்கு உரிய கட்டணத்தைச் செலுத்தி, முதல் விளம்பரத்தை நானே தருகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.