"சார், நீங்க என்ன ஜெயிச்சிருக்கீங்க?" – 14 தாள்களுக்காக ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பயிற்சிக் கூடத்துச் சுவரில் மல்யுத்தப் பயிற்சியாளர்களைப் பற்றி 14 தாள்கள் ஒட்டியிருக்கிறோம். யார் எங்கே கற்றார், என்ன ஜெயித்தார், யாரை உருவாக்கினார் என்று ஆளுக்கு ஒரு பக்கம். பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள், எனக்கோ கூச்சமாக இருக்கிறது. தட்டச்சு செய்ததும் ஒட்டியதும்தான் நான், மற்ற உழைப்பெல்லாம் வேறு ஆட்களுடையது. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி என்னிடம் பயிற்சி எடுக்கிற ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு. பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும்.

நடந்தது இதுதான். அவனுடைய மேட்ச் 3-3 என்று நிற்கிறது. இருவருக்கும் ஒரே மாதிரிப் புள்ளிகள், கடைசிப் புள்ளி எங்களுடையது, ஆக அப்படியே முடிந்தாலும் வெற்றி எங்களுக்குத்தான். இருபது விநாடி கூட மிச்சமில்லை. வட்டத்தின் விளிம்பில் ஒரு தள்ளுமுள்ளு. எதிராளியின் கால் வெளியே போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது, நடுவர் புள்ளி கொடுக்கவில்லை. நான் கையிலிருந்த ஸ்பாஞ்சைத் தூக்கி மேட்டில், அதாவது மல்யுத்த விரிப்பில், எறிந்தேன். சேலஞ்ச்! வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லுங்கள் என்று அர்த்தம். பையன் விரும்பியிருந்தால் வேண்டாம் என்று மறுத்திருக்கலாம், விதியில் அதற்கு இடம் உண்டு. அவன் என்னைப் பார்த்தான், தலையை ஆட்டினான். வீடியோவில் கால் உள்ளேதான் இருந்தது. சேலஞ்ச் தோற்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி. 3-4. முடிந்தது.

ஜெயித்துக்கொண்டிருந்த மேட்ச் அது. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

உடை மாற்றும் இடத்தில் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டான்: "சார், நீங்க ஆடுனப்ப என்ன ஜெயிச்சிருக்கீங்க?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் இன்னும் வலித்தது. சொல்லிக்கொள்கிற மாதிரி நான் எதுவும் ஜெயித்ததில்லை. அன்று ராத்திரி தூக்கம் வராமல், பெரிய பயிற்சியாளர்கள் எல்லாம் ஆடும்போது என்ன ஜெயித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். என்னைத் தேற்றிக்கொள்ளத்தான் தேடினேன், வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

அடுத்த நன்றி அந்த மேட்ச்சின் நடுவருக்கு. போட்டி முடிந்ததும் நான் அவரிடம் சண்டைக்குப் போகிற தோரணையில்தான் போனேன். அவர் உட்கார வைத்து, வீடியோவை மூன்று முறை ஓட்டிக் காட்டிவிட்டு, "ஸ்பாஞ்ச் கையில இருந்தா ஸ்கோர் போர்டைப் பாத்துட்டு எறிங்க" என்றார். அவ்வளவுதான். அதற்கு முன்னால் எந்த வகுப்பிலும் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்துக் கொடுத்த நூலக நண்பருக்கு நன்றி. அமெரிக்காவின் டான் கேபிள் தாள் முழுக்க அவர் புண்ணியம். பள்ளி, கல்லூரி இரண்டும் சேர்த்து கேபிள் தோற்றது ஒரே ஒரு மேட்ச், அதுவும் கல்லூரியில் கடைசி மேட்ச், 1970 தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் லேரி ஓவிங்ஸிடம் 13-11. இரண்டு வருஷம் கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கினார். அப்புறம் அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளராக 21 சீசன், 15 தேசியப் பட்டங்கள், அதில் ஒன்பது தொடர்ச்சியாக. இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் சுத்தமாக வடிந்துவிட்டது. தேற்றிக்கொள்ளத் தேடினால் இப்படி ஒரு மனிதர் முதலிலேயே வந்து நிற்கிறார். கேல் சாண்டர்சன் அதற்கு மேல்: கல்லூரியில் 159 மேட்ச், தோல்வியே இல்லை, 2004 ஏதென்ஸில் தங்கம், அப்புறம் 2009-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போய் அந்த அணியைப் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்க வைத்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்தான் கேட்டார், "சரி, சாண்டர்சனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" அந்த ஒரு கேள்வியில் எல்லாத் தாள்களும் வேறு மாதிரி ஆகிவிட்டன. சாண்டர்சனின் கல்லூரிப் பயிற்சியாளர் பாபி டக்ளஸ். 1964-இல் அமெரிக்க ஒலிம்பிக் மல்யுத்த அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர், டோக்கியோவில் நான்காம் இடம். நான்காம் இடத்துக்குப் பதக்கம் கிடையாது. தோல்வியே காணாத சாண்டர்சனை நான்கு வருஷம் மேட் ஓரத்துப் பயிற்சியாளர் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர் அவர். டக்ளஸ் தாளைத்தான் நான் அதிக நேரம் எடுத்து எழுதினேன், காரணம் சொல்லவேண்டியதில்லை.

அதிலிருந்து எந்தத் தாளிலும் பதக்கத்தை முதல் வரியில் எழுதவில்லை. யாரிடம் கற்றார் என்பதுதான் முதல் வரி. நல்ல வீரன்தான் நல்ல பயிற்சியாளர் ஆவான் என்று ஒரு பேச்சு உண்டு, ஜெயிக்காதவன்தான் நன்றாகச் சொல்லித் தருவான் என்று இப்போது எதிர்ப்பேச்சும் ஓடுகிறது. பின்னது என் மாதிரி ஆட்கள் கிளப்பிவிட்டது என்று சந்தேகம். 14 தாள்களையும் எழுதி முடித்த பிறகு இரண்டையும் நான் நம்பவில்லை.

இந்தியப் பக்கம் இந்தக் குரு-சீடர் வரிசை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. குரு ஹனுமான், இயற்பெயர் விஜய் பால், 1987-இல் பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருது பெற்றவர், டெல்லியில் அவர் நடத்திய அகாடாவில் (குஸ்திக் கூடத்தில்) வளர்ந்தவர் சத்பால் சிங். சத்பால் 1982 ஆசியப் போட்டியில் 100 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார், பிறகு சத்ரசால் ஸ்டேடியத்தில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார், 2009-இல் அவருக்கும் அதே துரோணாச்சார்யா. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய சுஷில் குமார், யோகேஷ்வர் தத், ரவி தஹியா எல்லாரும் அந்த மேட்டில் புரண்டவர்கள்தான். நான் முதல் பிரதியில் சத்பாலுக்கு ஒலிம்பிக் தங்கம் என்று எழுதித் தொலைத்திருந்தேன்! அதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டியவர், போட்டிக் களத்தில் வருஷம் பூராவும் என்னோடு மல்லுக்கு நிற்கிற எதிர் கிளப் பயிற்சியாளர் அக்கா. மேடம் என்றால் அவருக்குப் பிடிக்காது. அக்கா, உங்களுக்கு மனசார நன்றி.

அதோடு விடவில்லை அவர். "பத்துப் பேர் எழுதியிருக்கீங்க, பத்தும் ஆம்பளைங்க" என்றார். உண்மைதான், எனக்கு அது உறைக்கவே இல்லை. டோன்யா வெர்பீக், கிளாரிசா சுன் தாள்கள் அவரே எழுதிக் கொடுத்தவை. வெர்பீக் கனடாவுக்காக மூன்று ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்: 2004 வெள்ளி, 2008 வெண்கலம், 2012 வெள்ளி. இரண்டு இறுதிப் போட்டியிலும் தோற்றது ஒரே ஆளிடம், ஜப்பானின் சவோரி யோஷிதா. அதன் பிறகுதான் கனடா பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். சுன் 2008-இல் உலக சாம்பியன், 2012-இல் ஒலிம்பிக் வெண்கலம், அயோவா பல்கலைக்கழகம் பெண்கள் அணி தொடங்கியபோது அதன் முதல் தலைமைப் பயிற்சியாளர். மஹாவீர் போகாட் தாளில் சந்த்கி ராமைச் சேர்க்கச் சொன்னதும் அக்காதான். போகாட் தன் பெண்களைக் கோதாவில் இறக்கியது எல்லோருக்கும் தெரியும், கீதா 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார், அப்பாவுக்கு 2016-இல் துரோணாச்சார்யா வந்தது. ஆனால் போகாட்டின் குரு சந்த்கி ராம், 1970 ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கியவர், அதற்கு முன்பே தன் சொந்த மகள்களுக்குக் குஸ்தி சொல்லிக் கொடுத்தவர். ஊர்ப் பேச்சை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அவருக்குத் தனித் தாளே போட்டுவிட்டோம்.

ஜப்பானிய மொழிக் கட்டுரைகளைப் படித்துச் சொன்ன தோழிக்கு நன்றி. சவோரி யோஷிதாவின் முதல் பயிற்சியாளர் அவருடைய அப்பா எய்காட்சு. வீட்டிலேயே பயிற்சிக் கூடம், மகளை மேட்டில் இறக்கும்போது அவளுக்கு மூன்று வயது. பாய்ந்து காலைப் பிடிக்கிற டேக்கிளைத்தான் திரும்பத் திரும்பப் போட வைத்தாராம். 2012 லண்டனில் மூன்றாவது தங்கம் ஜெயித்ததும் மகள் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டார். அந்தப் படத்தைத் தாளில் ஒட்டியிருக்கிறோம், பிள்ளைகள் முதலில் போய் நிற்பது அங்கேதான். 2014-இல் அப்பா காலமானார். 2016 ரியோ இறுதிப் போட்டியில் ஹெலன் மரூலிஸ் 4-1 என்று யோஷிதாவை வென்று, அமெரிக்கப் பெண்கள் மல்யுத்தத்தின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார். மரூலிஸின் தேசிய அணிப் பயிற்சியாளர் டெர்ரி ஸ்டைனர், 1993-இல் அயோவாவுக்காகக் கல்லூரி மல்யுத்தத்தில் தேசியப் பட்டம் ஜெயித்தவர். அப்போது அயோவாவில் அவருடைய பயிற்சியாளர் யார்? கேபிள்! இதை எழுதி முடித்ததும் தோழிக்கு ராத்திரி பதினொன்றரைக்குப் போன் போட்டேன், அதற்குத் தனியாக ஒரு மன்னிப்பு.

ரஷ்ய மொழி தெரிந்த அண்ணனுக்கு நன்றி, இரண்டு தாள்களுக்கும் ஒரு பைசா வாங்கவில்லை. ரஷ்யாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் இவான் யாரிகின், புவைசார் சைத்தியெவ் என்று இரண்டு தலைமுறை ஒலிம்பிக் சாம்பியன்களுக்குப் பின்னால் பயிற்சியாளராக நின்றவர் திமித்ரி மிந்தியாஷ்விலி. அலெக்சாண்டர் கரேலினுக்கு மூன்று ஒலிம்பிக் தங்கம், நான்காவது ஒலிம்பிக்கில் வெள்ளி, ஆனால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே பயிற்சியாளர், விக்டர் குஸ்னெத்சோவ். அண்ணன் இதைப் படித்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டையே வந்திருக்காதா?" என்று கேட்டார். வந்திருக்கும். வராமல் இருக்குமா.

அச்சடித்துக் கொடுத்தவர், ஏணி பிடித்தவர், எழுத்துப் பிழை பார்த்த பெற்றோர்கள், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக எங்கள் மாஸ்டர். 14-ஆவது தாள் அவருடையது. கேட்டால் தரமாட்டார் என்று தெரியும், அதனால் அவரிடம் பயிற்சி எடுத்த ஆட்களிடம் ஆளுக்கு ஒரு வரி வாங்கித்தான் எழுதினோம். பதக்கம் என்று அதில் ஒன்றுமில்லை. ஒரு காது மடங்கிப் போனது மட்டும் அவர் ஆடியதற்குச் சாட்சி. என் முதல் ஒற்றைக்கால் பிடியில் தலை தப்பான பக்கம் இருந்தது, அவர் என் தலையைத் தன் விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இங்க. வெளிய இல்ல, இங்க" என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று நான் பிள்ளைகளிடம் அதே "இங்க"தான் சொல்கிறேன், அதே இடத்தில் அழுத்துகிறேன். என் பையனுடைய கேள்விக்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில் அந்த "இங்க"தான். அதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஸ்பாஞ்ச் எப்ப எறியறதுன்னு அவர் சொல்லித் தரலியா?" என்றான்.

போன சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார், பதின்மூன்றாவதோடு நின்றுவிட்டார். கேபிள் தாளின் மூலையில் டேப் பிய்ந்து எழும்பியிருந்தது, திரும்பிப் போய் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். அப்புறம் எங்களைப் பார்த்து, "மேட் துடைச்சாச்சா?" என்றார்.

துடைக்கவில்லை. ஆளுக்கு ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனோம்.