நாள் தள்ளிப்போகும் முன்பே: காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு பாட்டியின் மடல்

தலைநகர் வட்டாரக் காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

என் பேரனுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. பால் குடிக்கும்போது அவனுக்கு நெற்றி வியர்க்கும். தலைக்கு மேல் ஃபேன் ஓடினாலும் வியர்க்கும். நாலு மடக்கு குடிப்பான், நிறுத்துவான், மூச்சு வாங்குவான், மறுபடி நாலு மடக்கு. ஆகஸ்ட் மாதத் தில்லிப் புழுக்கம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்த இடத்தை விட்டு எடுக்கவே இல்லை. அப்புறம் எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஓட்டை.

செய்தி ஊருக்குப் போனதும் அம்பாசமுத்திரத்திலிருந்து சம்பந்தியம்மாவின் தாயார் போன் போட்டார். "கிரகணத்தன்னைக்கு வெளியே போனாளா?" என்பது முதல் கேள்வி. குழந்தை வயிற்றில் இருந்த மாதங்களில் தில்லியில் எந்தக் கிரகணமும் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்ட பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு நாள் கிரகணத்துக்குக்கூட நம்மிடம் விதி இருக்கிறது. மாதக்கணக்கில் சூரியனையே மறைக்கிற புகைக்கு எங்கள் வீட்டில் யாரும் ஒரு விதியும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

தேதிகளை எழுதிப் பார்த்தேன். மருமகள் கருவுற்றது 2024 நவம்பர் முதல் வாரத்தில் இருக்கும் என்று டாக்டர் கணக்குச் சொன்னார். காற்று கெடக் கெடக் கட்டுப்பாடுகளைக் கூட்டிக்கொண்டே போகும் உங்கள் நாலு நிலைத் திட்டமான கிராப்பில், கடைசியும் கடுமையானதுமான நாலாம் நிலையை நவம்பர் 18 காலை 8 மணிக்கு அமல்படுத்தினீர்கள். அன்று காற்றுத் தரக் குறியீடு, எண் கூடக் கூடக் காற்று மோசம் என்று பொருள், 490ஐத் தாண்டியது. அவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. கரு உருவாகி ஏறக்குறைய 22ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் அறைகள், சுவர்கள், பெரிய குழாய்கள் எல்லாம் பிரிந்து அமைந்துவிடுகின்றன. எங்கள் வீட்டுக் கணக்கில் அது டிசம்பர் கடைசி. நடுவில் டிசம்பர் 16 அன்று மறுபடி நாலாம் நிலை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த நவம்பரில் அவள் மழலையர் வகுப்பு ஆசிரியை. குழந்தைகளுக்குப் பள்ளி மூடப்பட்டது, நல்ல முடிவு. ஆனால் ஆசிரியைகள் பள்ளிக்கு வந்து, காலி வகுப்பறையில் உட்கார்ந்து, போனில் பாடம் நடத்த வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மயூர் விஹார் மூன்றாம் பகுதியிலிருந்து இ‑ரிக்‌ஷா, அப்புறம் மெட்ரோ, அப்புறம் பத்து நிமிட நடை. சாயங்காலம் அவள் கழற்றி வைக்கிற வெள்ளை முகக்கவசத்தில் மூக்கு இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். அந்தக் கவசமும் தூசியைத்தான் பிடிக்கும். வண்டிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடை அது தடுக்காது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

லீவு கேட்டிருக்கலாமே என்பீர்கள். எதைச் சொல்லிக் கேட்பது? "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்" என்று அவள் வாயை அடைத்தது நான்தான். நம் வீடுகளில் அதுதானே வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு வரும்போது மாடிப்படி ஏறக்கூட விடமாட்டோம். முழுகாமல் இருக்கிறாள் என்பதே ரகசியமாக இருக்கிற முதல் இரண்டு மாதத்தில் அவள் மற்றவர்களைப் போலவே ஓடிக்கொண்டிருப்பாள். குழந்தைக்கு இதயம் உருவாவது அப்போதுதான்.

உங்களுக்கும் என் வழக்கம்தான் இருக்கிறது. நான் பார்த்த நாலாம் நிலை ஆணைகளில் வெளியே போகாமல் இருக்கச் சொல்லும் பட்டியலில் குழந்தைகள், முதியவர்கள், நுரையீரல், இதய நோயாளிகள் இருக்கிறார்கள். 61 வயதான நான் இருக்கிறேன். கருவுற்ற பெண் இல்லை. சேர்த்தாலும் போதாது. கர்ப்பப் பதிவு அட்டையைக் காட்டு என்று எந்த முதலாளியாவது கேட்டால், அட்டை கைக்கு வருவதற்குள் இதயம் உருவாகி முடிந்திருக்கும்.

புகைதான் இவன் இதயத்தில் ஓட்டை போட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராலும் சொல்ல முடியாது. பிறக்கும் 1000 குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு இதயக் குறைபாடு இருக்கிறது, காற்று சுத்தமான ஊர்களிலும்தான். தாய்க்கு முன்பே இருந்த சர்க்கரை, ஆரம்பத்தில் வந்த ருபெல்லா, சில மாத்திரைகள், மரபணு என்று காரணங்கள் பல. பாதிக்கு மேல் எதனால் என்றே தெரிவதில்லை. ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. தெற்கு கலிபோர்னியாவில் 1987 முதல் 1993 வரை பிறந்த குழந்தைகளைப் பார்த்த ஆய்வு 2002இல் வந்தது. கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்தில் தாய் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு கூடக் கூட, என் பேரனுக்கு இருக்கும் இதே நடுச்சுவர் ஓட்டை கூடியிருந்தது. 2005இல் டெக்சாஸில் பார்த்தபோது அதே வாயு வேறொரு இதயக் குறைபாட்டோடு ஒட்டி வந்தது. சீனாவில் 14 லட்சம் பிரசவங்களைப் பார்த்து 2023இல் வெளியான ஆய்வு, கருத்தரிக்கும் காலத்தை ஒட்டி பி.எம். 2.5 நுண்தூசி கூடினால் குழந்தையின் இதயக் குறைபாடும் கூடுகிறது என்றது. ஒருத்திக்குக் கூடுகிற ஆபத்து சின்னதுதான். ஆனால் இந்த ஊரில் ஒரு குளிர்காலத்தில் எத்தனை ஆயிரம் பேர் அந்த இரண்டாம் மாதத்தைக் கடக்கிறார்கள்!

இன்னொன்று. உங்கள் ஆணைகள் உச்சத்தைப் பார்க்கின்றன. 450ஐத் தாண்டினால் எல்லாரும் விழித்துக்கொள்கிறோம். கரு வளர்வதோ வாரக்கணக்கில். குறியீடு 400 என்றால் பி.எம். 2.5 ஒரு கன மீட்டருக்கு 250 மைக்ரோகிராம். நம் நாடே ஒரு நாளுக்கு வைத்திருக்கும் வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. 380லேயே மூன்று வாரம் நின்றால் அது உங்களுக்கு இரண்டாம் நிலை. காஸிப்பூர் குப்பை மலையை ஜன்னலில் பார்த்துக்கொண்டு இருக்கிற எங்களுக்கு அது சாதாரணக் குளிர்காலம்.

சரி, என்ன வேண்டும்? இரண்டாம் நிலையிலிருந்தே, கேட்கிற எந்தப் பெண்ணுக்கும் காரணம் கேட்காமல், சான்றிதழ் கேட்காமல், வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி. குழந்தைக்காகக் காத்திருப்பவளும் அதில் அடக்கம். மாணவர்களுக்குப் பள்ளி மூடினால் ஆசிரியைகளுக்கும் மூட வேண்டும் என்று ஆணையில் ஒரு வரி. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைகளும் இருக்கின்றன. எங்கள் தெருவைக் கூட்டும் பெண் விடியற்காலை ஐந்தரைக்குத் துடைப்பத்தோடு நிற்கிறாள். போன வருடம் அவள் ஐந்து மாதம். அவளுக்கு முதல் மாதத்திலேயே, கூலி குறையாமல், தூசியில்லாத வேலை மாற்றித் தர வேண்டும். இதை நகராட்சியிடம் கேள் என்று திருப்பிவிடாதீர்கள். நகராட்சிக்கு உத்தரவு போடும் அதிகாரத்தை 2021ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

தில்லியில் காற்றை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் பிறப்புப் பதிவேடு இருக்கிறது. பிறவிக் குறைபாடுகளைக் கண்டறிய 2013 முதல் ஒரு தேசியத் திட்டமே நடக்கிறது. எந்த மாதம் கருவான குழந்தைகளுக்கு இதயக் குறைபாடு அதிகம் என்று இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குக் கலிபோர்னியாவின் கணக்கு தெரிகிறது, எங்கள் பக்கத்துக் கல்யாண்புரியின் கணக்கு தெரியவில்லை.

பேரனுக்கு இப்போது மருந்து போகிறது. எடை ஏறினால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம், ஓட்டை தானாகச் சிறுத்தாலும் சிறுக்கும் என்கிறார்கள். ஞாயிறுதோறும் எடை பார்க்கிறோம். போன வாரம் 80 கிராம் கூடியிருந்தது. மருமகள் அதைக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள்.

தீபாவளிக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. முதல் நிலை ஆணை இந்த வாரம் வந்துவிட்டது. எதிர்வீட்டில் ஆவணியில் கல்யாணமாகி வந்த பெண் காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும்போது எனக்குக் கையசைத்துவிட்டுப் போகிறாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

இதையே இந்தியில் எழுதி உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தமிழில் எழுதியது, இங்கே இருக்கும் நம் மாமியார்கள் படிக்கட்டும் என்று.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
மயூர் விஹார் மூன்றாம் பகுதி, தில்லி