பட்டாணியா, தேங்காயா?

பாளையங்கோட்டை
18.11.2024

அன்புள்ள சேது,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பதில் எழுத மூன்று வாரம் ஆக்கிவிட்டேன். சோம்பல் இல்லை, இவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்தோம். நல்லபடியாக முடிந்தது, கவலைப்படாதே. சொட்டு மருந்து போடுவதும், கண்ணைக் கசக்காதே என்று மணிக்கொரு தரம் சொல்வதும், அதற்கு வாங்கிக்கட்டிக்கொள்வதும் இப்போது என் வேலை. கட்டுப் பிரித்த அன்று ஒரு வேடிக்கை. கூடத்து ட்யூப்லைட்டை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், அப்புறம் மறு கண்ணை மூடிப் பார்த்தாள். "புதுக் கண்ணுக்கு நீலமா இருக்கு, பழைய கண்ணுக்கு மஞ்சளா இருக்கு. இதுல எது நிசம்?" என்றாள். எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. 1977இல் விடுதி மொட்டைமாடியில் நாம் பார்த்த வெளிச்சம் பச்சை என்று நீயும் வெள்ளை என்று நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

வானத்தில் தெரியும் இந்த மாதிரி மர்ம வெளிச்சங்களை, பறக்கும் தட்டுகளையெல்லாம் அமெரிக்க விமானப்படை விசாரித்து மூடி மறைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். விசாரித்தது உண்மை. மறைத்தார்கள் என்பதற்கு நீ வேறு இடம்தான் பார்க்க வேண்டும். அந்தக் கோப்புகளில் பார்த்தவர்களின் பெயரை மட்டும் அழித்துவிட்டு, 1976இலேயே அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டார்கள். கண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு அடுத்த சொட்டு வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த விஷயங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். உன்னோடு சண்டை போட ஆதாரம் தேடித்தான் தொடங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

1947 ஜூனில் கென்னத் ஆர்னால்டு என்பவர் தன் சிறு விமானத்தில் ரெய்னியர் மலைப்பக்கம் பறந்தபோது ஒன்பது பொருள்கள் பளபளவென்று போவதைப் பார்த்தார். பத்திரிகைகள் அதற்குப் 'பறக்கும் தட்டு' என்று பெயர் வைத்தன. அதோடு நாடு முழுக்கத் தட்டு பறக்க ஆரம்பித்துவிட்டது. ரஷ்யாக்காரன் புதிதாக எதையாவது விடுகிறானோ என்ற பயம் வேறு. ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரத்து ரைட்-பேட்டர்சன் விமானதளத்தில் விசாரணைப் பிரிவு உண்டானது. முதலில் அதன் பெயர் 'சைன்', அப்புறம் 'கிரட்ஜ்', 1952 மார்ச்சிலிருந்து 'புளூ புக்'. பெயர்தான் மாறியதே தவிர, கடைசிவரை அது ஒரு சின்ன ஆபீஸ்தான்.

இதில் எனக்குப் பிடித்தவர், புளூ புக்கின் தலைவராக இருந்த கேப்டன் எட்வர்ட் ரப்பெல்ட். உலகப்போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்துவிட்டு, வந்து விமானப் பொறியியல் படித்தவர். 'யூ.எஃப்.ஓ.', அதாவது அடையாளம் தெரியாத பறக்கும் பொருள், என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அவர்தான். தட்டு என்று சொன்னாலே கேட்கிறவன் மனசில் தட்டு வந்து உட்கார்ந்துவிடும், அது வேண்டாம் என்பது அவர் எண்ணம். 1960இல், 37 வயதிலேயே, மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் விசாரித்த லபக் வெளிச்சங்களைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் லபக் என்று ஒரு ஊர். 1951 ஆகஸ்ட் 25, இரவு ஒன்பது மணிக்கு மேல். அந்த ஊர்த் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர்கள் சிலர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து விண்கல் தூசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலவியல், வேதிப்பொறியியல், பெட்ரோலியம் என்று ஆளுக்கொரு துறை. குடித்துக்கொண்டிருந்தது டீ. இதை ரப்பெல்டிடம் அவர்கள் சிரித்துக்கொண்டே அழுத்திச் சொன்னார்களாம், டீதான் சார் என்று. அப்போது இருபது முப்பது வெளிச்சங்கள், நீலப்பச்சை நிறத்தில், வடக்கிலிருந்து தெற்காகச் சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே போயின. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். படித்தவர்கள் இல்லையா, அடுத்த முறை வந்தால் எதைக் கவனிப்பது என்று அங்கேயே பேசி வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கே இன்னொரு கூட்டம் போனது. அதன் பிறகும் பல இரவுகள் பார்த்தார்கள்.

அவர்கள் குறித்து வைத்த கணக்கைக் கேள். வானத்தில் 90 பாகையை அந்த வெளிச்சம் மூன்று விநாடியில் கடந்தது. அவ்வளவுதான் அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். எவ்வளவு உயரத்தில் என்று தெரியாது. சத்தம் கேட்கவில்லை, அதனால் ரொம்ப உயரம் என்று எண்ணிக்கொண்டார்கள். ஒரு காகிதத்தில் நானே போட்டுப் பார்த்தேன். தலைக்கு மேலே இரு பக்கமும் சமமாக 90 பாகை என்றால், உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம். ஒன்றரை கிலோமீட்டர் உயரம் என்று வைத்தால், மூன்று விநாடியில் மூன்று கிலோமீட்டர், அதாவது மணிக்கு 3,600 கிலோமீட்டர். அன்றைக்கு எந்த நாட்டுக்காரனிடமும் அப்படி ஓசைப்படாமல் போகும் விமானம் கிடையாது. அதே மூன்று விநாடி, அதே 90 பாகை, ஆனால் உயரம் வெறும் 30 மீட்டர் என்று வை. 60 மீட்டரை மூன்று விநாடியில் கடந்தால் மணிக்கு 72 கிலோமீட்டர். பறவை பறக்கிற வேகம்! பார்த்ததில் ஒரு மாற்றமும் இல்லை சேது. தூரம் என்ற ஒன்றை மாற்றினேன், வேற்றுக்கிரகக் கப்பல் குருவியாகிவிட்டது.

அவர்களும் விடவில்லை. ஊருக்கு வெளியே இரண்டு குழுவாகப் பிரிந்து நின்று, இரண்டு இடத்திலிருந்தும் கோணம் அளந்தால் உயரம் தெரிந்துவிடும் என்று போய்க் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வீட்டில் இருந்த மனைவிமார் கண்ணுக்குத்தான் அந்த நேரத்தில் தெரிந்ததாம்! ஊருக்குள்ளே தெரிகிறது, வெளியே இருட்டில் தெரியவில்லை என்றால் விஷயம் வானத்தில் இல்லை, தெருவிளக்கில் இருக்கிறது என்று எனக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். லபக்கில் அப்போதுதான் மெர்குரி விளக்கு போட்டிருந்தார்கள், அந்த நீலப்பச்சை வெளிச்சம் உனக்கு நினைவிருக்கும், நம் ஜங்ஷனில்கூட ஒரு காலத்தில் இருந்ததே.

பக்கத்தில் பிரவுன்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு பெரியவர் தன் வீட்டு முற்றத்தில் இதே போன்ற வெளிச்சத்தைப் பார்த்தார். இரண்டு தடவை போனது, அவருக்கும் கிலி. மூன்றாவது தடவை வந்தபோது அதில் ஒன்று குரல் கொடுத்தது. அட, உப்புக்கொத்தி! வயிற்று வெள்ளையில் விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்பியிருக்கிறது. இந்த உப்புக்கொத்தி நம் ஊர் ஆள்காட்டிக் குருவிக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். அந்த ஊரில் தன்னையே காட்டிக்கொடுத்திருக்கிறது.

இதைப் படித்த நாலாம் நாள் எனக்கே நடந்தது, அதனால்தான் இவ்வளவு விஸ்தாரமாக எழுதுகிறேன். எங்கள் தெருவில் பழைய மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு எல்ஈடி மாட்டியிருக்கிறார்கள். ராத்திரி ஒன்பதரை இருக்கும், கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். தலைக்கு மேலே ஏழெட்டு வெள்ளை உருவம், வரிசை கலையாமல், ஒரு சிறகடிப்புச் சத்தம்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. விளக்கின் எல்லை தாண்டியதும் அணைத்தது போல மறைந்தது. எல்லாம் படித்திருந்தும் முதுகுத்தண்டு சில்லிட்டது, பொய் சொல்லவில்லை. அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து "க்வாக்" என்று ஒரு சத்தம். வக்கா! வேய்ந்தான்குளத்துப் பக்கம் இரைக்குப் போகிறது. அது வாயைத் திறக்காமல் போயிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும்.

சரி, லபக் வழக்கு தீர்ந்ததா என்றால், இல்லை. ஒரு கல்லூரி மாணவன் அந்த மாதக் கடைசியில் ஐந்து படம் எடுத்தான். அதில் வெளிச்சங்கள் 'வி' வடிவில் இருந்தன. பேராசிரியர்களோ நாங்கள் பார்த்தது அந்த வடிவம் இல்லை என்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைப் படக்காரர் தெருவிளக்கடியில் பறவைகளைப் படம் எடுத்துப் பார்த்தார், அவ்வளவு தெளிவாக விழவில்லை. படம் பொய் என்றும் நிரூபிக்க முடியவில்லை, மெய் என்றும் நிரூபிக்க முடியவில்லை. ரப்பெல்ட் 1956இல் எழுதிய புத்தகத்தில், பேராசிரியர்கள் பார்த்தது சர்வசாதாரணமான இயற்கை விஷயம், ஆனால் கண்டுபிடித்த விஞ்ஞானிக்குப் பெயர் வெளிவராது என்று வாக்குக் கொடுத்திருப்பதால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்று முடித்துவிட்டார். பின்னால் வந்த பதிப்பில்தான் வாயைத் திறந்தார். அதிலும் பறவை இல்லை, விளக்கொளி பட்ட விட்டில்பூச்சிகளாம்! எனக்கு அது திருப்தியில்லை. பூச்சிகள் இருபது முப்பது சேர்ந்து, திசை மாறாமல் ஒரே பக்கமாகப் போகுமா? என் ஓட்டு பறவைக்குத்தான்.

இன்னொன்று, இது நம் மாதிரி அரசு வேலை பார்த்தவர்களுக்கு. 1952 ஜூலையில் இரண்டு சனிக்கிழமை இரவுகளில் வாஷிங்டன் விமானநிலைய ராடாரில் புள்ளிகள் தெரிந்தன. ஜெட் விமானங்களை அனுப்பினார்கள். தலைப்புச் செய்தி. விசாரணைத் தலைவரான ரப்பெல்டுக்கே முதல் தடவை நடந்தது பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும். அந்த ஊரிலேயே இருந்தார், நேரில் போய் விசாரிக்க ஆபீஸ் கார் கேட்டார். கார் கிடையாது, டவுன் பஸ்ஸில் போங்கள், இல்லையென்றால் உங்கள் கைக்காசில் டாக்ஸி பிடியுங்கள் என்றார்களாம். மனுஷன் வெறுத்துப்போய் டேட்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். உலகத்தையே உலுக்கிய கேஸ், பயணப்படியில் மாட்டிக்கொண்டது! முப்பத்திரண்டு வருஷம் பயணப்படிப் பட்டியல் எழுதிய எனக்கு அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துச் சிரித்தேன். ஜூலை 29ஆம் தேதி விமானப்படை ஜெனரல் சாம்ஃபோர்டு பெரிய பத்திரிகையாளர் கூட்டம் வைத்து, தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று படிந்தால் ராடார் அலை வளைந்து இப்படிப் பொய்ப் புள்ளி காட்டும் என்றார். பாதி உலகம் ஒத்துக்கொண்டது, உன்னைப் போன்ற மீதி உலகம் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 1,501 புகார்; அதில் 303 'தெரியவில்லை' பட்டியலில் போனது. 1969 டிசம்பரில் கடையை மூடும்போது மொத்தக் கணக்கு 12,618. அதில் தெரியாதவை 701. கவனித்தாயா, 701இல் 303 அந்த ஒரே வருஷத்தில் வந்தவை. 1953 ஜனவரியில் சி.ஐ.ஏ. கூட்டிய விஞ்ஞானிகள் குழு, இதில் ஆபத்து எதுவும் இல்லை, ஜனங்களின் ஆர்வத்தைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டது. ரப்பெல்டும் அந்த வருஷமே விலகினார். அதற்குப் பின் வானம் தெளிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. 'தெரியவில்லை' என்று கோப்பில் எழுதுவதற்கு மேலதிகாரி இடம் கொடுக்க வேண்டும், அது போய்விட்டது. இந்த ஒரு விஷயத்தில் உன் பக்கம் சாய்கிறேன், எடுத்துக்கொள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ரப்பெல்ட் காலத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக உளவியல் ஆசிரியர்களை வைத்து ஒரு படிவம் தயாரித்தார்கள். எட்டுப் பக்கம். அதைப் போல ஒரு கேள்வித்தாளை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை. "எத்தனை அடி நீளம்?" என்று கேட்டு முடித்துவிடவில்லை. கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் எதற்குச் சமமாக இருந்தது என்று கேட்கிறார்கள். குண்டூசித் தலையா, பட்டாணியா, நாணயமா, பந்தா, பம்ப்ளிமாஸா? கண்ணாடி போட்டிருந்தாயா, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாயா? எதற்காவது பின்னால் மறைந்ததா, எதற்காவது முன்னால் வந்ததா? எத்தனை நேரம் தெரிந்தது? அதற்கு நேராக இன்னொரு கேள்வி: நிச்சயமா, ஓரளவு நிச்சயமா, அவ்வளவு நிச்சயமில்லையா, சும்மா ஊகமா?

நீ 47 வருஷமாகத் தேங்காய் அளவு என்கிறாய். பௌர்ணமி அன்று மாடிக்குப் போய் ஒரு பட்டாணியைக் கைநீட்டிப் பிடித்துப் பார். முழு நிலாவும் அதற்குள் மறைந்துவிடும். நான் பிடித்துப் பார்த்தேன், இவள் கீழே நின்று, "கண்ணு ஆபரேஷன் எனக்கா உங்களுக்கா?" என்றாள். தேங்காய் என்றால் இருபது நிலாவைப் பக்கம் பக்கமாக அடுக்கிய அகலம், சேது. கல்லூரியே திரண்டு வந்திருக்காதா?

ஆனால் அந்தப் படிவத்தை எனக்கு வைத்துப் பார்த்தபோது என் வண்டவாளமும் தண்டவாளம் ஏறியது. வெள்ளை நிறம் என்பதற்கு நேரே 'நிச்சயம்' என்று எழுதக் கை வரவில்லை. எந்தத் திசையில் மறைந்தது? ஆற்றுப்பக்கம் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். அந்த மாடியில் தண்ணீர்த்தொட்டி எந்தப் பக்கம் இருந்தது என்பதே இப்போது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தேனா? இரண்டாம் வருஷத்தில்தானே போட்டேன்?

படிவத்திலிருந்து பன்னிரண்டு கேள்வியைத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என் பதிலை எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று, சாவி இவளிடம். நீ என்னிடம் போனில் எதுவும் கேட்காமல், உன் வீட்டம்மாவிடமும் கலந்துகொள்ளாமல், ஒரே உட்காரலில் எழுதி அனுப்பு. தைக்கு இங்கே வருவதாகச் சொன்னாயே, அப்போது இரண்டையும் ஒன்றாகப் பிரிப்போம். தண்ணீர்த்தொட்டி விஷயத்தை மட்டும் தனியாக ஒரு சீட்டில் எழுதி வை.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? சின்னவள் வேலை மாறினாளா? அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

அன்புடன்,
சங்கரன்