பான் மாரியில இருக்குற அந்த மாரி யாரு?

அன்புள்ள கலா,

நல்லா இருக்கியா. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து மட்டும் போயிட்டிருக்கு, கவலப்படாத.

போன வாரம் போன்ல கேட்டியே, கேரமல் கஸ்டர்ட் ரெசிபில "பான் மாரி"ல வைக்கணும்னு போட்டிருக்கு அது என்னடின்னு. தட்டுல சுடுதண்ணி ஊத்தி அதுக்குள்ள கிண்ணத்த வச்சு வேக வைக்கிறதுன்னு சொன்னேன், அது சரிதான், ஆனா பேரு எப்டி வந்துச்சுன்னு நீ கேட்டதுக்கு அன்னிக்கு பதில் தெரியல. ரெண்டு நாளா அதையே தேடிப் படிச்சேன்டி, படிச்சத உனக்கு எழுதாம இருக்க முடியல.

பிரெஞ்சுல பான்னா குளியல், மாரின்னா மரியா. மரியாவோட குளியல். லத்தீன்ல பல்னியம் மரியேன்னு இருந்தது, ஸ்பானிஷ்லயும் இத்தாலியன்லயும்கூட இதே மரியாதான். சரி எந்த மரியா? கன்னி மேரி மாதிரி சாந்தமான சூடு, அதான் அந்தப் பேருன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அது ஒட்டல, ஏன்னா இந்தச் சொல்லு ரசவாதிங்க கையில இருந்துட்டு அப்புறமாதான் அடுப்படிக்கு வந்துருக்கு. அவங்க சொன்ன மரியா ஒரு யூதப் பெண், எகிப்துல அலெக்சாண்ட்ரியாவுல இருந்ததா சொல்றாங்க, கி.பி. 1லருந்து 3ஆம் நூற்றாண்டுக்குள்ள. அந்தம்மா எழுதுனது எதுவும் முழுசா மிஞ்சல கலா. கி.பி. 300 வாக்குல சோசிமோஸ்னு ஒரு எகிப்து ரசவாதி, மரியா இப்டி சொன்னாங்க அப்டி சொன்னாங்கன்னு எடுத்து எழுதி வச்சதாலதான் நமக்கு இவ்ளோவாவது தெரியுது.

அதுல ஒரு இடம் படிச்சப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துருச்சு. மூணு குழாய் வச்ச ஒரு வாலைச் சட்டி, அதான் ஆவியாக்கி வடிச்சு எடுக்குற பாத்திரம், எப்டி செய்யணும்னு சொல்றாங்க, அந்தக் குழாயோட தகடு எவ்ளோ கனம் இருக்கணும்னா பலகாரம் சுடுறவங்க வச்சிருக்குற செம்பு வாணலிய விட கொஞ்சம் கூட இருந்தா போதுமாம், மூட்டுல ஆவி போகாம மாவுப் பசை வச்சு அடைக்கணுமாம்! அளவு சொல்றதுக்கு வாணலி, அடைக்கிறதுக்கு மாவு. அடுப்படி தெரிஞ்ச கை அது, வேற எப்டி வரும் சொல்லு.

இந்தப் பான் மாரியோட விஷயம் என்னன்னா, திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது. ஓவன் 160ல இருந்தாலும் தண்ணில உக்காந்திருக்குற கிண்ணத்தோட அடியும் பக்கமும் அதுக்கு மேல சூடாகாது, முட்டை கலந்த பாலு 85ஐத் தாண்டுனாலே திரிய ஆரம்பிச்சுரும், அதனாலதான் இந்தப் பாடு. உங்க வீட்டுக்கு கதவு செஞ்சப்போ ஆசாரி மரம் ஒட்டுற வச்சிரப் பசை காய்ச்சுனாரே ஞாபகம் இருக்கா, தண்ணி டப்பாக்குள்ள இன்னொரு டப்பா வச்சு, நேரடியா நெருப்புல வச்சா கருகிரும்மான்னு நம்மள விரட்டுவாரு, அதுவும் இதேதான்டி!

மரியா எழுதுன புஸ்தகமெல்லாம் போயி, பேரு மட்டும் இன்னிக்கும் பிரெஞ்சு அடுப்படியிலயும் அங்க லேப்லயும் புழங்குது, லேப்ல சுடுதண்ணித் தொட்டிக்கும் அவங்க பான் மாரின்னுதான் சொல்றாங்க. அந்தம்மா பேரு அப்டியாவது தங்குச்சேன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கு.

நீ செய்றப்போ தண்ணிய கிண்ணத்தோட பாதி உயரத்துக்கு ஊத்து, கொதிக்குற தண்ணியாவே ஊத்து, ஓரம் கெட்டியாகி நடுவுல லேசா ஆடுறப்பவே எடுத்துரு. எப்டி வந்துச்சுன்னு எழுது.

உன்
வசந்தி