ஆபிரகாமுக்கு "ஆதாரம் கிடைச்சிருச்சு"ன்னும் "ஆளே கிடையாது"ன்னும் பேசுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயாமாருக்கு, ஹஜ்ரத்மாருக்கு, பகுத்தறிவு மேடையில பேசுற தோழர்களுக்கு,

வணக்கம். நான் ஒம்பதாவது பத்தாவது பசங்களுக்கு சாயங்காலம் வரலாறு டியூஷன் எடுக்குறவ. போன மாசம் கிளாஸ்ல ஒரு சண்டை, ஆபிரகாம் கதையில கடவுள் அழிச்சதா வர்ற சோதோம் பட்டணத்த தோண்டி எடுத்துட்டாங்க, பைபிள் ப்ரூவ் ஆயிருச்சுன்னு ஒருத்தன் போன்ல வீடியோ காட்ட, இப்ராஹீம் நபி (ஆபிரகாமுக்கு முஸ்லிம்கள் சொல்ற பேரு) வாழ்ந்தத சயின்ஸே ஒத்துக்கிச்சுன்னு பக்கத்துல இருந்தவன் இன்னொரு வீடியோ காட்ட, பின்னாடி இருந்த பொண்ணு ஒருத்தி "ஒட்டகத்த வச்சு அந்த கதையே பொய்னு கண்டுபிடிச்சாச்சு"ன்னு மூணாவதா ஒண்ணு காட்டுறா. மூணு வீடியோவுலயும் பேசுறது உங்கள மாதிரி பெரியவங்கதான். பசங்க உங்கள அப்படியே நம்புறாங்க, அதனாலதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ண சொல்லிடறேன், எனக்கு இந்த கதை வெறும் பாடம் கிடையாது. நான் கத்தோலிக்க வீட்டுல பிறந்தவ, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி பூசையில ஆபிரகாம் மகன பலி கொடுக்க மலைக்கு கூட்டிட்டுப் போற வாசகம் வரும், சின்ன வயசுல அம்மா மடியில பாதி தூக்கத்துல அத கேட்டு பயந்து அழுதிருக்கேன். பக்ரீத் அன்னைக்கு பக்கத்து வீட்டு அக்கா கறி கொண்டு வந்து கொடுக்கும்போது அதே கதையதான், மகன் பேரு மட்டும் இஸ்மாயீல்னு மாத்தி, சொல்லுவாங்க. யூதர்கள் அவங்க புத்தாண்டோட ரெண்டாம் நாள் ஜெப ஆலயத்துல ஈசாக்கு பேர்ல இதையே வாசிக்கிறாங்க. மூணு வீட்டுக்கும் ஒரே தாத்தா, அதனால அவர பத்தி யாரு தப்பா சொன்னாலும் எனக்கு வலிக்கும்.

போதகர் ஐயாமாரே, அந்த சோதோம் வீடியோ. ஜோர்டான்ல டால் எல் ஹம்மாம்னு ஒரு மேடு இருக்கு, வானத்துல ஏதோ வெடிச்சு அந்த பட்டணம் அழிஞ்சுதுன்னு 2021ல ஒரு ஆய்வு வந்துச்சு, உலகம் பூரா ஷேர் ஆச்சு. 2025ல அத வெளியிட்ட இதழே தப்பு இருக்குன்னு சொல்லி அந்த ஆய்வ திரும்ப வாங்கிருச்சு. திரும்ப வாங்கினத பத்தி ஒரு வீடியோ கூட என் பசங்க கண்ணுல படல. இது புதுசும் இல்ல, 1970கள்ல சிரியாவுல எப்லா களிமண் பலகைகள் கிடைச்சப்பவும் சோதோம் கொமோரா பேரு அதுல இருக்குன்னு பெரிய பேச்சா இருந்துச்சு, மறுபடி வாசிச்சுப் பாத்ததுல அது நிக்கல. ஈராக்ல கிர்குக் பக்கம் நூசி பலகைகளும் அப்படித்தான், பிள்ளை இல்லாத மனைவி தன் அடிமைப் பெண்ண புருஷனுக்கு கொடுக்குற வழக்கம் அதுல இருக்கு, ஆபிரகாம் மனைவி சாராள் தன் அடிமை ஆகார அவருக்கு கொடுத்த கதை மாதிரியே, உடனே ஆபிரகாம் காலத்த கண்டுபிடிச்சாச்சுன்னு எழுதினாங்க, ஆனா அந்த வழக்கம் அந்த காலத்துக்கு மட்டும் சொந்தமில்ல, பல நூற்றாண்டு இருந்ததுதான்னு 1974, 75ல தாமஸ் தாம்சன், ஜான் வான் சீட்டர்ஸ்ங்கற ரெண்டு பைபிள் ஆய்வாளர்கள் காட்டிட்டாங்க. அம்பது வருஷம் ஆச்சு, இன்னும் அந்த பழைய வாதத்தையே பிரசங்கத்துல கேக்குறேன்.

தோழர்களே, ஒட்டகம் விஷயம். இஸ்ரேல் ஜோர்டான் எல்லையில இருக்குற அராபா பள்ளத்தாக்குல செம்பு உருக்கின இடங்கள்ல கிடைச்ச எலும்புகள ரேடியோகார்பன்ல பாத்தாங்க, பாரம் சுமந்த ஒட்டகம் அங்க வந்தது கி.மு. 10ம் நூற்றாண்டு கடைசியிலதான்னு 2013ல ஆய்வு வந்துச்சு, அது நல்ல ஆய்வு, நான் ஏத்துக்கறேன். ஆனா அதுக்கு பல நூறு வருஷம் முன்னாடி நடந்ததா பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமம் சொல்ற கதையில, ஆபிரகாம் மகன் ஈசாக்குக்கு பொண்ணு பாக்கப் போற வேலைக்காரர் பத்து ஒட்டகத்தோட போறார். ஆபிரகாம் குடும்பம் கிளம்பின இடம்னு வர்ற "கல்தேயருடைய ஊர்"ங்கறதும் அப்படித்தான் (இதுல 'ஊர்'ங்கறது ஒரு பட்டணத்தோட பேரு), கல்தேயர்ங்கற ஜனத்தோட பேரே கி.மு. 9ம் நூற்றாண்டுலதான் வெளிய தெரியுது. இதெல்லாம் சொல்றது கதை எப்ப எழுத்தா ஆச்சுங்கறத, பின்னால வாழ்ந்தவங்க தங்க காலத்துப் பொருளையும் பேரையும் வச்சு எழுதினாங்கங்கறத. அந்த ஆளு இருந்தாரா இல்லையாங்கற கேள்விய அது தொடவே இல்ல. ஆடு மேய்ச்சுக்கிட்டு கூடாரத்துல வாழ்ந்த ஒருத்தர் கோட்டை கட்டல, கல்வெட்டு வெட்டல, அவர் பேரு மண்ணுக்குள்ள கிடைக்கலன்னா அதுல ஆச்சரியமே இல்ல.

அப்ப என்னதான் இருக்கு? என் மனசுக்குப் பிடிச்சது ஹாரான் பக்கம், இப்ப துருக்கியில இருக்கு. ஆபிரகாமோட அப்பா தேராகு, தாத்தா நாகோர், அவருக்கும் அப்பா செரூகு, இந்த மூணு பேருமே ஹாரான சுத்தி ஊர்ப் பேரா ஆப்பெழுத்து (ஆப்பு வடிவ எழுத்து) களிமண் பலகைகள்ல வருது. குடும்பம் எங்கேர்ந்து வந்துச்சுங்கற ஞாபகம் சரியான திசையிலதான் கைய காட்டுது.

ஹஜ்ரத்மாரே, இஸ்மாயீல் நபி பக்கமும் இது உண்டு, அவரோட பிள்ளைங்கன்னு ஆதியாகமம் 25ல வர்ற நெபாயோத், கேதார், தேமா, மாசா எல்லாம் அசீரிய ராஜாக்களோட கி.மு. 8, 7ம் நூற்றாண்டு பதிவுகள்ல அரபு குலங்களாவும் ஊர்களாவும் இருக்கு. அது குலங்களுக்கு சாட்சி, தகப்பனுக்கு இல்ல. இஸ்ரவேல்ங்கற பேரு மொதமொதல்ல தெளிவா வர்றது எகிப்து ராஜா மெர்னெப்தாவோட கல்வெட்டுல, கி.மு. 1208 வாக்குல வெட்டினது, 1896ல பெட்ரிங்கற தொல்லியல் அறிஞர் எடுத்தார். அதுலயும் ஒரு ஜனமாதான் வருது, இஸ்ரவேல்னு பேர் வாங்கின யாக்கோபுங்கற (ஆபிரகாமோட பேரன்) தனி ஆளா இல்ல.

ஆபிரகாம் குடும்பத்த அடக்கம் பண்ணதா சொல்ற, மேற்குக் கரையில இருக்குற ஹெப்ரோன் குகைய பத்தியும் கொஞ்சம் பாத்துப் பேசுங்க, தயவு செஞ்சு. மேல நிக்கிற கட்டடத்தோட மதில் ரெண்டாயிரம் வருஷம் முந்தின ஏரோது ராஜா காலத்தது. கீழ குகைக்குள்ள 1981ல போனவங்க எடுத்த பானை ஓடுகள்ல கி.மு. 8ம் நூற்றாண்டு ஓடும் இருக்கு, அவ்வளவு காலமா அங்க ஜனங்க வந்து போயிருக்காங்க, அத நினைச்சா எனக்கு கண்ணு கலங்குது. ஆனா உள்ள படுத்திருக்கிறது யாருன்னு அந்த ஓடு சொல்லல. அந்த ஊர்ல 1929ல 67 யூதர்கள கொன்னாங்க, 1994ல தொழுதுக்கிட்டு இருந்த 29 முஸ்லிம்கள அந்த கட்டடத்துக்குள்ளயே சுட்டுக் கொன்னாங்க, இன்னைக்கு அது நடுவுல தடுத்து ரெண்டா கிடக்கு. அந்த இடத்தப் பத்தி "எங்களுக்குத்தான் சொந்தம்னு ப்ரூவ் ஆயிருச்சு"ன்னு தம்ப்நெயில் போடும்போது கொஞ்சம் கை நடுங்கணும்.

நான் கேக்குறது சின்ன விஷயம்தான். ஒரு பொருள காட்டினா அது எங்க கிடைச்சது, எந்த காலத்தது, அது எதுக்கு சாட்சி, எதுக்கு இல்லன்னு சேத்து சொல்லுங்க. முன்னாடி சொன்னது தப்பாயிட்டா அதே சேனல்ல, அதே மேடையில வந்து சொல்லுங்க.

எகிப்துல பெனி ஹசன்ல குனும்ஹோதேப்ங்கற அதிகாரியோட கல்லறைச் சுவர்ல ஒரு ஓவியம் இருக்கு, கி.மு. 1890 வாக்குல வரைஞ்சது. கிழக்கேர்ந்து வந்த 37 பேர்னு எழுத்து சொல்லுது, தலைவன் பேரு அபிஷா, தாடி வச்ச ஆம்பளைங்க, பலவர்ண கோடு போட்ட துணி கட்டின பொம்பளைங்க, ஒருத்தன் யாழ் வாசிச்சுட்டே நடக்குறான், கழுதை முதுகுல உக்காந்து ரெண்டு குழந்தைங்க. யாக்கோபு குடும்பம் எகிப்துக்குப் போனப்ப எடுத்த படம்ங்கற மாதிரி ஒரு வீடியோவுல இத பாத்தேன். இல்ல, இவங்க வேற ஆளுங்க. ஆனா அந்த மாதிரி மனுஷங்க அந்த மாதிரி நடந்து போனாங்கங்கறதுக்கு இத விட நல்ல படம் எனக்குத் தெரியாது. அத நான் என் பசங்களுக்கு பெரிசா பிரிண்ட் போட்டு காட்டினேன், சண்டை போட்ட மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னு அந்த குழந்தைங்கள ரொம்ப நேரம் பாத்தாங்க, "மிஸ், ஒட்டகம் எங்க?"ன்னு அந்த பொண்ணுதான் மொதல்ல கேட்டா.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்