அந்தச் சுவரைப் பற்றியும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகள் சொகுசு விடுதிகளாக மாறிவருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வந்திருந்தன. அந்த வீடுகளின் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அப்பா கொத்தனார். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் மராமத்து வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் நானும் சித்தாளாகப் போவேன். எங்களுக்குப் பின்கட்டு வாசல்தான். போன சித்திரையில் எனக்கு எழுபது முடிந்ததற்காக, கானாடுகாத்தானில் அப்படியொரு வீட்டில் இரண்டு நாள் தங்க மகள் அறை எடுத்துக் கொடுத்தாள். முகப்பு வழியாகத் திண்ணையைத் தாண்டி, வளவு என்னும் நடுமுற்றத்துக்குள் நான் நடந்துபோனது அதுதான் முதல் தடவை.

நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் நடந்து நடந்து மெருகேறிக் கிடக்கிறது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் இந்த வீட்டுக்காரச் செட்டியார்களுக்கு அங்கிருந்த தொழில் நொடித்தது. இங்கே ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். எத்தனையோ வீடுகளைத் தூணும் கதவுமாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். அப்படிப் போவதற்கு விடுதியாக நிற்பது எவ்வளவோ மேல்.

மாலையில் வீட்டைச் சுற்றிக் காட்டிய தம்பியிடம் சுவரைப் பற்றிக் கேட்டேன். "பழைய காலத்துப் பெயிண்ட் ஐயா" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அது பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு, பூச்சுமேல் பூச்சாக ஏற்றுவார்கள். கடைசிப் பூச்சுக்கு மாவாகச் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேரும். ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் கையை எடுத்தால் தழும்பு விழுந்துவிடும் என்று அப்பா சாப்பிடக்கூட சாரத்தை விட்டு இறங்கமாட்டார். மிஞ்சிய மஞ்சள்கரு அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் இருக்கும். சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்து கிடந்தது. அப்புறம் கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன்.

குளியலறைக் குழாய்க்காக உடைத்த இடத்தில் மட்டும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அங்கே உப்புப் பூத்து உதிர்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் பக்கத்திலுள்ள பழைய பூச்சையும் தள்ளிவிடும். இது எனக்குப் பெரிய வேதனை.

விடுதி நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டுப்போடும் வேலைக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களையே கூப்பிடுங்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களோடு உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரைக் கற்றுக்கொள்ள நிறுத்துங்கள். விருந்தினர்களை அந்தச் சுவர் முன்னால் இரண்டு நிமிடம் நிறுத்தி, தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தக் கொத்தனார்களில் ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேட்டி எடுத்துப் போடுங்கள். எல்லோருக்கும் வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி